நெட்டச்சி சாப்பிடலை

முன்னாடி மூணாவது வரிசையில பச்சைப் புடவை கட்டி உக்காந்திருக்காங்களே, அவங்க என் சம்சாரம்தான் சார். இல்ல இல்ல, நீங்க எழுந்திரிக்க வேணாம். சீட்டு மாத்திக் குடுக்கட்டுமான்னு கேட்டீங்க பாருங்க, அதுவே பெரிய மனசு. ஆனா பஸ் ஏறுனதும் அவளாத்தான் போயி அங்க உக்காந்தா. சண்டை எல்லாம் ஒண்ணும் கிடையாது. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல. நான்தான் பேசவே மாட்டேனே, அப்புறம் சண்டை எங்கேர்ந்து வரும்?

எனக்குப் பேச்சு கம்மி சார். அது பொறவியிலேயே அப்படி. நமக்கு வேலையும் அந்த மாதிரிதான். குதிரையோட. கிண்டியில பந்தயக் குதிரை பாத்துக்கறேன். சைஸுன்னு சொல்வாங்க. குதிரையைத் தேய்க்கறது, குளிப்பாட்டறது, தீனி வைக்கறது, லாயத்தைக் கூட்டறது, விடியறப்ப டிராக்குக்கு நடத்திக் கூட்டிட்டுப் போறது, எல்லாம் நாம. மேல ஏறி ஓட்டறது வேற ஆளு. ஜெயிச்சா பேப்பர்ல அவன் போட்டோ வரும். கடிக்கறது மட்டும் நம்மளைத்தான் கடிக்கும். இதோ, தோள்பட்டையில பாருங்க. இது போன வருஷம்.

இப்ப நான் இவளை அவங்க அண்ணன் வீட்டுலேர்ந்து கூட்டிட்டுப் போறேன் பாருங்க, அதுவே ஒரு குதிரைக்காகத்தான். சிரிக்காதீங்க. எங்க டிரெய்னர் ஐயாவே சொல்லி அனுப்பிச்சாரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. எனக்கு என்ன, ரெண்டு வேளை கடையில சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன். நல்லாத்தான் இருந்தேன். பேன்ட் கொஞ்சம் லூசாயிடுச்சு, அவ்வளவுதான். அது துணி சரியில்ல.

குதிரைதான் சார் பிரச்சினை. பெட்டைக் குட்டி. ரெண்டு வயசு. இன்னும் ஒரு ரேஸ்கூட ஓடல. அப்பன் நல்ல ஓட்டக்காரன், ஆத்தாவும் சோடை போகல, அதனால ஓனர் ஆசைப்பட்டு வாங்கிட்டாரு. வெல்வெட் தண்டர்னு பேரு வச்சாரு. தண்டர்னா இடி. என் சம்சாரம் கேட்டா, "பேரு இடி, ஆனா இடி இடிச்சா மூத்திரம் போயிடுது, இது என்னய்யா பேரு"ன்னு. அவளே ஒரு பேரு வச்சா. நெட்டச்சி. கழுத்து நீளம் இல்லையா, அதான். இப்ப லாயத்துல எல்லாருமே நெட்டச்சின்னுதான் சொல்றாங்க. ஓனர் வந்தா மட்டும் வெல்வெட் தண்டர்.

டிசம்பர்ல புயல் அடிச்சுது இல்ல, அப்ப ஆரம்பிச்சது எல்லாம். ராத்திரி பூரா மழை. விடிஞ்சு பாத்தா லாயத்துக்குள்ள முட்டிக்கால் தண்ணி. எங்க ஐயா முன்னாடி மிலிட்டரியில இருந்தவரு. கத்தவே மாட்டாரு. மழைக்கோட்டை மாட்டிக்கிட்டு, தண்ணியில நின்னுக்கிட்டு, ஒவ்வொரு குதிரையா பேர் சொல்லிக் கூப்பிட்டு வேன்ல ஏத்துனாரு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மேட்டுல ஒரு பண்ணை பேசி வச்சிருந்தாங்க. எல்லாம் ஏறிடுச்சு. நெட்டச்சி ஏறல. பலகையில ஒரு காலை வச்சுது, அந்நேரம் பாத்து ஒரு இடி. நட்டுக்கிட்டு நின்னுச்சு சார், ரெண்டு பின்னங்கால்ல, வேன் கூரைக்கு மேல தலை. அப்புறம் அது வேன் பக்கமே திரும்பல. வேன் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள ரோடு முழுகிடுச்சு.

"சூசை, உன் வீடு எங்க?"ன்னாரு ஐயா.

"பரங்கிமலைங்க ஐயா. சரிவுல."

"தண்ணி ஏறாதில்ல?"

"அங்க தண்ணி ஏறுனா மெட்ராஸே இருக்காதுங்க."

"கூட்டிட்டுப் போ."

அவ்வளவுதான். தலைக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன். ரோட்டுல பஸ்ஸு நிக்குது, காரு மிதக்குது, நானும் குதிரையும் நடுவுல போறோம். பாலத்து மேல நின்ன ஜனமெல்லாம் போன்ல படம் பிடிச்சாங்க. ஒருத்தன், "அண்ணே, கல்யாணத்துக்கா?"ன்னு கேட்டான்.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல பந்தல் சாமான் வாடகைக்கு விடறவரோட கொட்டாய் ஒண்ணு இருக்கு. நல்ல உசரம். சேரு, அண்டா, குண்டான் எல்லாம் ஓரமா ஒதுக்கிட்டு அதுல கட்டிட்டேன். எமல்டா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. எமல்டா, என் சம்சாரம். அவ அதுவரைக்கும் குதிரையைக் கிட்டத்துல பாத்ததே இல்ல. கல்யாணம் ஆன புதுசுல ரேஸ் கோர்ஸுக்குக் கூட்டிட்டுப் போயேன்னு கேப்பா. பொம்பளைங்க வர்ற இடமா அதுன்னு சொல்லிட்டேன். அப்புறமும் கேட்டுக்கிட்டு இருந்தா, அப்புறம் கேக்கல. சரி, ஆசை தீந்துடுச்சுன்னு நெனச்சேன்.

எனக்கு நிக்க நேரம் இல்ல. பண்ணையில மத்த குதிரையைப் பாக்கணும், லாயத்துல சேறு வாரணும். "பாத்துக்க. காலையில சாயந்திரம் தீனி. பின்னாடி போயி நிக்காத"ன்னு சொன்னேன்.

"கடிக்குமா?"ன்னு கேட்டா.

"கடிக்கும்"னு சொல்லிட்டு வந்துட்டேன். இருக்கறதைச் சொல்லணும் இல்ல?

தண்ணி வடிஞ்சு நான் வீட்டுப் பக்கம் தலை காட்டவே நாளாயிடுச்சு. எங்க ஜமேதாரு மஸ்தான் பாய்தான், சைஸுங்களுக்கெல்லாம் மேல அவருதான், தினம் இவளுக்குப் போன் போட்டு குதிரை எப்படிம்மா இருக்குன்னு விசாரிப்பாரு. நல்லாருக்குன்னு சொல்லுவாளாம். நான் என்னமோ குதிரை பயந்து மெலிஞ்சு போயிருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போறேன். கொட்டாய் கிட்டப் போனா உள்ள பேச்சு சத்தம். யாரு வந்திருக்காங்கன்னு அப்படியே நின்னேன்.

உள்ள இவ ஒருத்திதான். ஒரு அண்டாவைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருக்கா. குதிரை மேல எங்க வீட்டு ஜமக்காளம். வாய்க்கு நேரா குதிரை மசால் தழைக் கட்டைப் பிடிச்சுக்கிட்டு, யாரையோ வசை பாடிக்கிட்டு இருக்கா. குதிரை ரெண்டு காதையும் முன்னாடி நீட்டிக்கிட்டு, மென்னுக்கிட்டே கேக்குது.

"இருட்டோட எழுந்து போறான். இருட்டுனப்புறம் வர்றான். வந்தா சோத்தைப் பாக்கறான், செவுத்தைப் பாக்கறான், படுக்கறான். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு தேஞ்சா போயிடும்? போன மாசம் ஜுரத்துல கெடந்தேன்டி நெட்டச்சி. காபி போடலையான்னு கேட்டான். உனக்கு இருமல்னா டாக்டரு காரு போட்டுக்கிட்டு வர்றாரு. நீ குடுத்து வச்சவ. தின்னு."

எனக்குப் பாவமா இருந்துச்சு சார். அவங்க அண்ணனைச் சொல்றான்னு புரிஞ்சுக்கிட்டேன். நம்ம லூர்துசாமி மச்சான். அவருக்கும் பால் வியாபாரம், இருட்டோட போற ஆளுதான். வீட்டுல இருக்கறவங்களை விசாரிக்கவே மாட்டாரு போல. அடுத்தவங்க குடும்ப விஷயம் நமக்கு எதுக்குன்னு சத்தம் காட்டாம திரும்பிட்டேன்.

குதிரை நல்லாத்தான் இருந்துச்சு. நல்லான்னா, என்கிட்ட இருந்ததைவிட நல்லா. எலும்பு தெரியல. ரோமம் மின்னுது. அதெல்லாம் அந்த இடத்தோட காத்து.

அப்புறம் லாயம் காஞ்சுது. சுண்ணாம்பு அடிச்சாங்க. ஐயா சொன்னாரு, "நெட்டச்சியைக் கொண்டா, வேலை ஆரம்பிக்கணும்"னு. நான் மத்தியானம் போனேன். எமல்டா இல்ல. ரேஷன்ல வெள்ள நிவாரணம் குடுக்கறாங்கன்னு வரிசையில நிக்கப் போயிருந்தா. அவ வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்க முடியுமா? அவுத்தேன், கூட்டிட்டு வந்துட்டேன். ஜமக்காளத்தை மடிச்சு அண்டா மேல வச்சுட்டுத்தான் வந்தேன். அதுல ஒண்ணும் குறை வைக்கல.

சாயந்திரம் வீட்டுக்குப் போனா, தெருவே வாசல்ல நிக்குது. வந்து பாத்திருக்கா, கொட்டாய் காலி. குதிரை அவுத்துக்கிட்டு ஓடிடுச்சுன்னு நெனச்சு, ரயில் லைன் ஓரமா, மலைப்படிக்கட்டு, சந்து பொந்தெல்லாம் நெட்டச்சி நெட்டச்சின்னு கத்திக்கிட்டு ஓடியிருக்கா. செருப்பு ஒண்ணு அறுந்து போச்சு. கடைசியில பாய் போன் போட்டுத்தான் சொல்லியிருக்காரு, குதிரை இங்க இருக்கும்மான்னு.

என்னைப் பாத்ததும், "சொல்லிட்டுப் போகக் கூடாதா?"ன்னு கேட்டா.

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல சார். சந்தேகமாத்தான் கேட்டேன். "உனக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டேன்.

நீங்களே சொல்லுங்க. ஓனர் ஒருத்தரு, டிரெய்னர் ஒருத்தரு, பாத்துக்கறவன் நானு. அவளுக்கு என்ன சம்பந்தம்? நியாயமான கேள்விதானே? அவ உள்ள போயிட்டா. சட்டிப் பானை சத்தம்கூட இல்ல. எப்பவும் எதையாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பா, அன்னிக்கு அதுவும் இல்ல. மறுநாள் நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன், சோறு ஆக்கி மூடி வச்சிருக்கு, ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுல சாவி. சேத்துப்பட்டுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னாங்க. மெட்ராஸ் சேத்துப்பட்டு இல்ல, உங்களுக்குத் தெரியுமே, இந்த போளூர் பக்கத்துச் சேத்துப்பட்டு. நீங்க ஏறுன ஊருதான்.

எதுக்குப் போனான்னு கேக்கறீங்களா? வீடு ஈரம் சார். புயல் அடிச்ச வீடு இல்லையா. மேட்டு வீடுதான், தண்ணி வரலதான், இருந்தாலும் ஓதம் இருக்கும். உடம்புக்கு ஆகாதுன்னு போயிருப்பா.

இங்க லாயத்துல என்ன ஆச்சு தெரியுங்களா? நெட்டச்சி தீனியைத் தொடல. ஓட்ஸ் வச்சேன், தவிடு பிசைஞ்சு வச்சேன், குதிரை மசால் இளசாப் பாத்து வச்சேன். மோந்து பாக்குது, திரும்பிக்குது. மூஞ்சியைக் கதவுப் பக்கம் வச்சுக்கிட்டே நிக்குது. புயலுக்கு அப்புறம் எடுத்ததும் ஓட விட மாட்டாங்க. மொதல்ல நடை, அப்புறம் மெதுவா ஓட்டம், அப்படித்தான் ஏத்துவாங்க. இது நடைக்கே வரல. டிராக்குக்குப் போற வழியில ஒரு இடத்துல தண்ணி கொஞ்சம் தேங்கியிருக்கும், கொலுசு நனையாத தண்ணி. அங்க வந்ததும் நாலு காலையும் ஊணிக்கிட்டு நின்னுடும். மேல இருக்கறவன் தட்டுவான், நான் முன்னாடி இழுப்பேன். ஒரு நாளு இழுத்த இழுப்புல நான் தண்ணியில, அவன் வேலி மேல. குதிரை மட்டும் நின்ன இடத்துல நிக்குது. மத்த குதிரைங்க எல்லாம் ஓடி முடிச்சு வேர்வையோட திரும்பி வரும், இது வேடிக்கை பாக்கும்.

டாக்டரு வந்தாரு. பல்லைப் பாத்தாரு, ரத்தம் எடுத்தாரு, குளம்பைத் தட்டினாரு. ஒரு வியாதியும் இல்லைன்னுட்டாரு. ஓனருக்குப் பொறுமை போயிடுச்சு. பொங்கல் தாண்டி வர்ற ரேஸுக்குப் பேரு குடுத்தாச்சு. அது ஓடலைன்னா கழிச்சுடலாம்னு சொல்லிட்டாரு. கழிச்ச குதிரை எங்க போகும்னு உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. கல்யாண ஊர்வலத்துக்குப் போகும். அதுக்கு ஆள் வந்து பாத்துட்டும் போயிட்டான். மூஞ்சிக்கு நேரா பேண்டு, காலுக்குக் கீழ பட்டாசு. இடின்னா நடுங்கற பொண்ணு சார் அது. தினம் ராத்திரி அதுக்கு முகூர்த்தம்.

என்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சேன். மொதல்ல வாசனைதான்னு தோணுச்சு. வீட்டுல எமல்டாவோட பழைய நைட்டி ஒண்ணு கொடியில தொங்குச்சு, எடுத்துட்டு வந்து லாயத்துல தீனித் தொட்டிக்கு மேல மாட்டினேன். ஐயா ரவுண்டு வந்தாரு. நின்னு பாத்தாரு.

"சூசை, அது என்ன?"

"நைட்டிங்க ஐயா."

"யாருது?"

"என் சம்சாரத்துதுங்க."

கொஞ்ச நேரம் நைட்டியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, குதிரையைப் பாத்தாரு. "சரி"ன்னு சொல்லிட்டு அடுத்த லாயத்துக்குப் போயிட்டாரு. மிலிட்டரி இல்லையா, பாக்காததா.

அன்னிக்குக் கொஞ்சம் தின்னுச்சு சார். மெய்யாலுமே. நைட்டியில மூக்கை வச்சுக்கிட்டே அரைத் தொட்டி தின்னுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் விடியக்காலையில போயி பாத்தா தீனி அப்படியே இருக்கு, நைட்டியில பாதியைக் காணோம்.

பாய் சொன்னாரு, "போன்ல கூப்பிட்டு அந்தம்மாவைப் பேசச் சொல்லு, குதிரை காதுல வைப்போம்"னு. நான் கூப்பிட்டேன். எடுக்கல. மறுபடி கூப்பிட்டேன், எடுக்கல. சேத்துப்பட்டுல சிக்னல் கிடைக்காது. பாய் தன்னோட போன்ல கூப்பிட்டாரு, மொத மணியிலயே எடுத்தா. பாயோடது வேற கம்பெனி சிம்மு. ஆனா போன்ல எல்லாம் பேச முடியாதுன்னுட்டா. "அது மூஞ்சியைப் பாக்காம எனக்குப் பேச வராது பாய்"ன்னாளாம்.

அப்புறம்தான் எனக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்துச்சு, கொட்டாய்ல கேட்டது. சரி, குதிரைக்கு வேணுங்கறது அந்தப் பேச்சுதானே, நாமளே பேசிப் பாப்போம்னு தோணுச்சு. ஒரு சாயந்திரம், எல்லாரும் டீ குடிக்கப் போயிருக்கற நேரம் பாத்து, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு நெட்டச்சி எதிர்ல உக்காந்தேன். மசால் கட்டைக் கையில பிடிச்சேன். அவ குரல் மாதிரியே கொஞ்சம் இழுத்து ஆரம்பிச்சேன்.

"இருட்டோட எழுந்து போறான்டி நெட்டச்சி. இருட்டுனப்புறம் வர்றான்..."

காது திரும்புச்சு சார். ரெண்டு காதும். கிட்ட வந்துச்சு. நான் விடாம சொல்றேன். சோத்தைப் பாக்கறான், செவுத்தைப் பாக்கறான், சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேக்கல, ஜுரத்துல கெடந்தேன், காபி கேட்டான்... ஒரு வாய் தின்னுச்சு. இன்னொரு வாய் தின்னுச்சு. நானும் சொல்லிக்கிட்டே போறேன், சொல்லிக்கிட்டே போறேன், அதுக்கு மேல எனக்கு வரல. வைக்கோல் தூசி. லாயத்துல தூசி ஜாஸ்தி, கண்ணுலயும் விழுந்துடும். குதிரை என் தலையில மூக்கை வச்சு ஊதுச்சு. அப்புறம் என்னைத் தாண்டி, கதவைப் பாத்துக்கிட்டு நின்னுடுச்சு. மசால் கீழ விழுந்து கெடக்கு.

பாய் வெளியில நின்னிருக்காரு. எத்தனை நேரமா நின்னாரோ. டீ டம்ளரை வச்சுட்டுப் போயிட்டாரு.

முந்தாநேத்து ஐயா கூப்பிட்டாரு. "உன் சம்சாரத்தைக் கூட்டிட்டு வா, சூசை."

"ஐயா, பொம்பளைங்களை எப்படிங்க லாயத்துக்குள்ள..."

"உள்ள நிக்கறது யாரு, ஆம்பளையா?"

"பாஸ் நான் வாங்கித் தர்றேன். நீ போ"ன்னாரு. அப்புறம், "நீயும் அந்தக் குதிரையும் ஒரே மாதிரி நிக்கறீங்கடா, பாக்கச் சகிக்கல"ன்னாரு. அது ஏன் சொன்னாருன்னு தெரியல. எனக்கு ரெண்டு காலு.

நேத்து சாயந்திரம் வந்து எறங்குனேன். மச்சான் வீட்டு வாசல்ல இவ முறத்துல கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்கிப் பாத்தா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னுட்டா சார், முறத்தைக்கூட கீழ வைக்காம. மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு.

நான் விஷயத்தைச் சொன்னேன். "குதிரை சாப்பிடல."

"நீ சாப்பிட்டியா? என்னய்யா இப்படி எளைச்சிருக்க?"

"அதை விடு. நெட்டச்சி தீனியைத் தொடல. கழிச்சுடப் போறாங்க. ஐயா உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு."

"அதுக்குத்தான் வந்தியா?"

"பின்ன எதுக்கு?"

திரும்ப உக்காந்துட்டா. கல்லு பொறுக்க ஆரம்பிச்சுட்டா. அரிசியில கல்லே இல்ல, நான் பாத்தேன். அதுக்கப்புறம் எத்தனை தடவை கேட்டும் வர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. "குதிரைக்குத்தானே, வேற ஆளைப் பாருங்க"ன்னு ஒரு தடவை சொன்னா. மச்சான் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயி, "மாப்ள, உனக்காக வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லேன், என்ன கெட்டுடப் போகுது?"ன்னாரு. எனக்குப் பொய் சொல்ல வராது சார். ஐயா அனுப்பித்தான் வந்தேன். இல்லாததை எப்படிச் சொல்றது? தங்கச்சியை விசாரிக்காத மனுஷன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு.

காலையில எழுந்து மாதா கோயிலுக்குப் போனா. எனக்கு நம்பிக்கையே போயிடுச்சு. ஐயாகிட்டப் போயி என்ன சொல்றது, அந்த ஊர்வலக்காரன் எப்ப வருவான், அதையே நெனச்சுக்கிட்டு வாசப்படியில உக்காந்திருக்கேன். பூசை முடிஞ்சு வந்தா. நேரா உள்ள போனா. பையை எடுத்தா. அண்ணிகிட்ட ரெண்டு வார்த்தை பேசுனா, ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வெளியில வந்து, "கெளம்பு"ன்னா. அவ்வளவுதான். மாதா மனசை மாத்திட்டாங்க போல. பஸ் ஏறுனதும் தனியாப் போயி உக்காந்துக்கிட்டா. அதுல என்ன, வந்தாப் போதும். இன்னிக்குச் சாயந்திரமே லாயத்துக்குக் கூட்டிட்டுப் போயி, நாளைக்கு விடிய டிராக்குல...

வந்தவாசி வந்துடுச்சா? டீக்கு நிக்கும். ஒரு நிமிஷம் சார், போன். எங்க ஐயா.

ஐயா, வணக்கங்க... வந்துக்கிட்டே இருக்கோம் ஐயா, வந்தவாசி... ஆமாங்க, கூடத்தான் வருது... என்னங்க?... எப்பங்க?... ஆடா?... முழுசாவா?... தண்ணியத் தாண்டுச்சுங்களா?... நல்லதுங்க ஐயா... இல்லைங்க, சந்தோஷம்தாங்க... சரிங்க.

சார். கொஞ்சம் கிட்ட வாங்க. நெட்டச்சி சாப்பிட்டுடுச்சாம். நேத்து நான் கெளம்புனப்புறம் ஐயா எங்கேர்ந்தோ ஒரு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்து அது பக்கத்துல கட்டியிருக்காரு. கிழட்டு வெள்ளாடு. நேரம் காலம் இல்லாம கத்திக்கிட்டே இருக்குமாம். அதைக் கேட்டுக்கிட்டே இது தொட்டி பூரா தின்னுடுச்சாம். இன்னிக்கு விடியக்காலையில ஆட்டை முன்னாடி விட்டு நடத்தியிருக்காங்க, தேங்குன தண்ணியில எறங்கி நடந்து, அந்தப் பக்கம் போயி ஓடிடுச்சாம். நல்ல ஓட்டமாம். "அவசரம் இல்ல சூசை, உன் சம்சாரம் இருந்துட்டே வரட்டும்"ங்கறாரு.

இப்ப நான் என்ன செய்ய? நல்ல சேதிதான். சந்தோஷம்தான். ஆனா இவகிட்ட எப்படிச் சொல்றது, உனக்குப் பதிலா ஒரு ஆடு வந்துடுச்சுன்னு? சொன்னா இங்கயே எறங்கி அடுத்த பஸ்ஸுல திரும்பிடுவா. டிக்கெட்டு தாம்பரம் வரைக்கும் எடுத்தாச்சு, வீணாயிடும். நீங்களும் தயவுசெஞ்சு காட்டிக்காதீங்க சார். குதிரை இன்னும் சாப்பிடலைன்னே இருக்கட்டும். பொய் இல்ல, சேதி கொஞ்சம் லேட்டாப் போகுது, அவ்வளவுதான். பாருங்க, ஜன்னல்லேர்ந்து டீ வேணும்னு கையைக் காட்டறா. குடுத்துட்டு வந்துடறேன். பையைப் பாத்துக்கோங்க.

...

வந்துட்டேன் சார். தள்ளி உக்காருங்க.

டீயைக் குடுத்தேன். "போன்ல யாரு?"ன்னா. "ஐயா"ன்னேன். "என்னவாம்?"னா. "நெட்டச்சி இன்னும் சாப்பிடலையாம், சீக்கிரம் வரச் சொன்னாரு"ன்னேன். என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு டீயை ஊதி ஊதிக் குடிச்சா. பாதி டம்ளரை என்கிட்ட நீட்டினா. "ஆடு கட்டுனாங்களே, அதுக்கப்புறமுமா சாப்பிடல?"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. காலையில கோயில் வாசல்லயே பாய் போன் பண்ணிச் சொல்லிட்டாராம் சார், குதிரை தின்னது, ஓடுனது, ஆட்டுக் கதை, எல்லாத்தையும். அது மட்டும் இல்ல. அன்னிக்கு நான் பக்கெட்டு மேல உக்காந்து அது எதிர்ல பேசுனேன் பாருங்க, அதையும் சொல்லியிருக்காரு, தூசி விழுந்த வரைக்கும். பாய் வாயில ஒண்ணும் தங்காது. "எல்லாத்தையும் அப்படியே சொன்னியாமே, ஒரு வார்த்தை விடாம"ன்னு கேட்டா. ஆமான்னேன். வெளியில திரும்பிக்கிட்டா. புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டா. இந்த பஸ் ஸ்டாண்டுலயும் தூசி ஜாஸ்தி.

ஆனா ஒண்ணு சார், நெனச்சா ஆச்சரியமா இருக்கு. குதிரை சாப்பிடுது, ஓடுது, இவ அங்க போயி செய்யறதுக்கு ஒண்ணுமே இல்ல. அது தெரிஞ்சும் பையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பி வந்திருக்கா. பாருங்களேன். அந்தக் குதிரை மேல இவளுக்கு அவ்வளவு பாசம்.